மரவள்ளிக்கு மகுடம் சூட்டிய மகாராஜா

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தினமும் பஸ் இறங்கும் தமிழர்கள் ஏராளம். சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் என்று பல தரத்தினர். மாதக் கடைசியில், கையில் காசு குறையும் நாட்களில், இவர்களில் பலருக்குக் கைகொடுத்த சாப்பாடு ஒன்று உண்டு. அவித்த மரவள்ளிக்கிழங்கும், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மீன் குழம்பும்தான் அது.

சேலத்துக்காரர் இதைக் குச்சிக்கிழங்கு என்பார். நெல்லைச் சீமையில் ஏழிலைக்கிழங்கு. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் மரச்சீனி. இன்னும் வடக்கே போனால் கப்பக்கிழங்கு. கப்பலில் வந்த கிழங்கு என்பதால் கப்பக்கிழங்கு ஆயிற்று என்பார்கள்.

கப்பலில் வந்தது உண்மைதான். ஆனால் கப்பலில் வந்த எல்லாமே அடுப்படி வரை வந்துவிடுவதில்லை. இந்தக் கிழங்கை அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை ஒரு மன்னருக்கு உண்டு. கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே, பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றியுள்ள அரண்மனைகளில் வாழ்ந்தவர் அவர். பெயர் விசாகம் திருநாள் ராம வர்மா.

தாயை இழந்த பிள்ளை

விசாகம் திருநாள் 1837-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி பிறந்தார். விசாக நட்சத்திரத்தில் பிறந்ததால் இந்தப் பெயர். தாயார் ராணி ருக்மிணி பாய். இசை மேதையான சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு உடன்பிறந்தவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து மருமகனுக்கே போகும். அந்த முறைப்படி ருக்மிணி பாயின் பிள்ளைகளே பட்டத்துக்கு உரியவர்கள்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே விசாகம் திருநாள் தாயை இழந்தார். உடம்பும் மெலிந்த உடம்பு. அடிக்கடி நோய். வாளும் குதிரையும் பழக வேண்டிய வயதில் அவருக்குப் புத்தகமே துணையாக இருந்தது.

1849-ம் ஆண்டு அரண்மனைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் பவல் துரையிடம் கல்வி கற்ற மாதவ ராவ். பின்னால் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களிலும் திவானாக இருந்து, சர் பட்டமும் பெற்ற அதே மாதவ ராவ்தான். அவர் வந்தபோது விசாகம் திருநாளுக்கு வயது 12. அண்ணன் ஆயில்யம் திருநாளுக்கு 17. சகோதரர்கள் இருவரும் அவரிடம் ஆங்கிலமும் கணக்கும் விஞ்ஞானமும் படித்தார்கள். எதையும் கேட்டு நம்பாமல் செய்து பார்த்து அறிவது என்ற பழக்கம் தம்பிக்கு அப்போதே வேர்விட்டது.

இருபது ஆண்டு காத்திருப்பு

1860-ம் ஆண்டு மாமன் உத்திரம் திருநாள் மகாராஜா காலமானார். ஆயில்யம் திருநாள் பட்டத்துக்கு வந்தார். தம்பி விசாகம் திருநாள் இளவரசர் ஆனார். பட்டம் வர அவர் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆட்சியில் தம்பிக்குப் பங்கு இல்லை. அதிகாரம் இல்லாத இளவரசர்கள் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலம் கழிப்பது அந்த நாளில் வழக்கம். விசாகம் திருநாள் அப்படிக் கழிக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் பேரவை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. மீதி நேரத்தைச் செடிகளோடு செலவிட்டார். தாவர நூலும் விவசாயமும் அவருக்கு உயிர்.

செடிகள் கடல் கடந்த காலம்

உலகம் முழுவதும் செடிகள் நாடு விட்டு நாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற டாக்டர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி பல மாதம் தானே ஈரம் காத்து உயிர் வாழும் என்பதை 1829-ம் ஆண்டு கண்டறிந்தார். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வடிந்துவிடும். உப்புக் காற்றும் உள்ளே போகாது. அதன் பிறகு கப்பலில் செடி கொண்டுபோவது எளிதாயிற்று.

மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தது 1860-ம் ஆண்டையொட்டி. ரப்பரின் கதையும் இதே போன்றது. 1876-ம் ஆண்டு பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கண்ணாடி வீட்டுக்குள் சூடும் ஈரமும் கொடுத்து முளைக்க வைத்தார்கள். 3,000 கூட முளைக்கவில்லை. அந்த நாற்றுகளில் ஏறக்குறைய 2,000 பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கீழ்நாடுகளில் ரப்பர் பயிர் பரவியதற்கு அந்த நாற்றுகளே மூலம்.

இந்தச் செடிகளுக்கெல்லாம் பின்னால் அரசாங்கங்கள் இருந்தன. கம்பெனிகள் இருந்தன. லாபம் இருந்தது. மரவள்ளிக்குப் பின்னால் யாரும் இல்லை. அதுவும் பிரேசில் பக்கத்துச் செடிதான். போர்த்துக்கீசியர் நெடுநாள் முன்பே மலையாளக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குக் கண்ணாடிப் பெட்டி கூடத் தேவையில்லை. ஒரு சாண் நீளக் கம்பு போதும். நட்ட இடத்தில் முளைத்துவிடும். ஆனால் திருவிதாங்கூர் மக்கள் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

பசியும் பயமும்

மதிக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கௌரவம். சோறு என்றால் நெல்லுச்சோறுதான். கிழங்கு தின்பது காட்டுவாசி வழக்கம் என்ற எண்ணம்.

மற்றொன்று பயம். மரவள்ளி விஷம் என்ற பேச்சு. அது வெறும் வதந்தி அல்ல. மரவள்ளிக் கிழங்கிலும் இலையிலும் சயனைடு விஷத்தை உண்டாக்கும் சத்து இருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் ஆபத்து இல்லை. இந்தப் பக்குவம் தெரியாமல் பச்சையாகத் தின்றவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஒரு வீட்டில் ஒருவர் தின்று மயங்கி விழுந்தால், ஊரே அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடும்.

ஆனால் பசி இதையெல்லாம் விடப் பெரியது. 1860-61ல் தெற்குத் திருவிதாங்கூரில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. மழை பொய்த்தது. நெல் இல்லை. அப்போது விசாகம் திருநாள் 23 வயது இளைஞர். அடுத்து 1876-ம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது இதைத்தான். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

திருவிதாங்கூரில் வயல் குறைவு, மேடும் சரிவும் அதிகம். நெல்லுக்கு வயலும் தண்ணீரும் வேண்டும். கூலி வேலை செய்த ஏழைகளுக்கு வயல் ஏது? வீட்டைச் சுற்றி நாலு சென்ட் மேட்டு நிலம் இருந்தாலே பெரிது. அந்த நிலத்தில் என்ன விளையும்? அதிகத் தண்ணீர் கேட்காமல், உரம் கேட்காமல், செம்மண் மேட்டில் விளைவது மரவள்ளி. எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு தயார். தயாரானவுடன் பிடுங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மண்ணுக்குள்ளேயே சில காலம் விட்டு வைக்கலாம். களஞ்சியம் கட்ட முடியாத ஏழைக்கு மண்ணே களஞ்சியம். இதை உணர்ந்துகொண்டவர் விசாகம் திருநாள்.

தோட்டத்தில் நடந்த சோதனை

அவர் சட்டத்தில் தொடங்கவில்லை. தோட்டத்தில் தொடங்கினார். வெளிநாடுகளிலிருந்து நல்ல ரகக் கம்புகளை வரவழைத்தார் என்றும், நகரில் தனி இடம் ஒதுக்கி நட்டு வளர்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. திருவனந்தபுரத்தில் இன்று ஜவஹர் நகர் இருக்கும் பகுதிக்கு முன்பு மரச்சீனிவிளை என்று பெயர் இருந்ததாம். மன்னர் மரச்சீனி பயிரிட்ட இடம் அதுவே என்பார்கள். விளை என்றால் மேட்டுத் தோட்டம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிய சொல்.

விளைந்த கிழங்கை மக்கள் தொட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அரண்மனையிலேயே சமைக்கச் சொன்னார், தானே உண்டு காட்டினார், எப்படிச் சமைக்க வேண்டும் என்று பக்குவமும் சொல்லி அனுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ராஜா சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. பயமும் தெளிந்தது, கௌரவக் குறைச்சலும் தீர்ந்தது.

பிரான்ஸ் நாட்டில் உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான். பார்மெந்தியே என்ற மருந்து நிபுணர் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பரப்பப் பாடுபட்டார். உருளைக்கிழங்கு தின்றால் தொழுநோய் வரும் என்று அங்கே பயந்தார்கள். அவர் தன் வயலுக்குப் பகலில் காவல் போட்டு, இரவில் காவலை எடுத்துவிடுவாராம். இத்தனை காவல் காக்கிறார்களே, விலை உயர்ந்த பொருளாக இருக்கும் என்று எண்ணி மக்கள் இரவில் திருடிக்கொண்டுபோய் நட்டார்களாம். நாடு வேறு, கிழங்கு வேறு. மனித மனம் ஒன்றுதான். புதிய பயிரை மண் ஏற்பது எளிது. மனிதர் ஏற்பதுதான் கஷ்டம்.

ஐந்து ஆண்டு ஆட்சி

1880-ம் ஆண்டு ஆயில்யம் திருநாள் காலமானார். ஜூன் மாதம் விசாகம் திருநாள் பட்டத்துக்கு வந்தார். வயது 43.

அண்ணன் காலத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த கவிஞர் கேரளவர்மா வலிய கோயித்தம்புரானை விடுதலை செய்தது அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று. திவான் பதவிக்குச் சென்னையிலிருந்து வெம்பாக்கம் ராமய்யங்கார் வந்தார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளிடம் மன்னர் கண்டிப்பாக இருந்தார். போலீசும் நீதிமன்றமும் சீரமைக்கப்பட்டன. நாடு முழுவதும் நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயிக்கும் பெரிய வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது.

குறைகளும் உண்டு. கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்த அவர், எல்லாரையும் அணைத்துப் போகிறவர் அல்ல. அண்ணன் காலத்தில் அரண்மனையில் ஆதரவு பெற்ற ஓவியர் ரவிவர்மா, இவர் காலத்தில் மனக்கசப்போடு திருவனந்தபுரத்தை விட்டு விலகினார். சாதிக் கட்டுப்பாடுகளும் அவர் காலத்தில் உடையவில்லை. மரவள்ளியை அதிகம் உண்டு உயிர் வாழ்ந்த ஏழை மக்களில் பெரும்பாலோர், மன்னர் தினமும் தொழுத கோவிலுக்குள் நுழைய முடியாதவர்கள். அந்தக் கதவு திறக்க 1936-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பசிக்கு வழி செய்த மன்னர், மானத்துக்கு வழி செய்யவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இளமையிலிருந்தே தொல்லை கொடுத்த உடம்பு அவரை நீண்ட நாள் வாழ விடவில்லை. 1885-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி விசாகம் திருநாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. ஆட்சி செய்தது ஐந்து ஆண்டுகள்தான்.

யுத்த காலத்தில் கைகொடுத்தது

அவர் பரப்பிய கிழங்கின் அருமை முழுதாகத் தெரிந்தது ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கியது. முக்கியமாகப் பர்மா அரிசி. 1942-ம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. சேர்த்தலைப் பகுதியில் கயிற்றுத் தொழிலாளர்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அந்தக் கொடிய நாட்களில் லட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பில் வெந்தது மரவள்ளிதான். அதுவும் இல்லாதிருந்தால் சாவு எத்தனையோ மடங்காகியிருக்கும்.

அதே ஆண்டுகளில் மலேயாவில் ஜப்பானியர் ஆட்சியில் சிக்கிய தோட்டத் தொழிலாளத் தமிழர்களும் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். இன்னொரு மாற்றமும் அப்போது வந்தது. யுத்தத்தால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றதும், சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. ஏழையின் கிழங்கு பாயசத்துக்குள் போனது.

மரவள்ளியில் மாவுச்சத்து நிறைய உண்டு. புரதச்சத்து மிகக் குறைவு. அதை மட்டும் தின்று உடம்பு தேறாது. மீனோ பயறோ சேர்த்துச் சாப்பிட வேண்டும். கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் என்ற ஜோடி ருசிக்காக மட்டும் சேர்ந்தது அல்ல. உடம்புக்கும் அதுவே பொருத்தம்.

பெயர் தாங்கிய செடி

1963-ம் ஆண்டு திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1970-களின் நடுவில் கேரளத்தில் மரவள்ளி 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிரானது. 1977-ம் ஆண்டு அந்த நிலையம் வெளியிட்ட ஒரு ரகத்துக்கு ஸ்ரீவிசாகம் என்று பெயர். லேசான மஞ்சள் சதையும் வைட்டமின் ஏ சத்துக்கு மூலமான கரோட்டினும் உடையது. பின்னாளில் ரப்பர் வந்து மரவள்ளித் தோட்டங்களைப் பெருமளவு விழுங்கிவிட்டது. கண்ணாடி வீட்டில் பிறந்த பயிர், கம்பில் பிறந்த பயிரைத் தள்ளிவிட்டது எனலாம்.

மரவள்ளிக்கும் நாற்று முறை இப்போது உண்டு. நீளக் கம்பாக வெட்டி நடாமல், இரண்டு கணு மட்டும் உள்ள சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து எடுப்பது முக்கியம். நிழல்வலைக்குக் கீழே பாத்தி கட்டி, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். நோய்க்குறி காட்டும் நாற்றை அவ்வப்போது பிடுங்கி எறிய வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் நாற்று தயார். பழைய முறையில் ஒரு செடியிலிருந்து பத்துச் செடிகள் என்றால், இந்த முறையில் அறுபது வரை கிடைக்கும் என்று ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குப் பெரிய பண்ணை தேவையில்லை. கொல்லையில் நாலு முழம் இடமும் ஒரு துண்டு நிழல்வலையும் போதும்.

விசாகம் திருநாளிடம் நிழல்வலை இல்லை. ஆராய்ச்சி நிலையமும் இல்லை. அதிகாரம் கூட அந்த இருபது ஆண்டுகளில் இல்லை. தோட்டமும் பொறுமையும் இருந்தன. அவர் பிறப்பித்த உத்தரவுகள் ஆவணக் காப்பகங்களில் உறங்குகின்றன. அவர் ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானமே 1949-ம் ஆண்டு கொச்சியோடு இணைந்து, 1956-ம் ஆண்டு கேரளத்துக்குள் கலந்துவிட்டது. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. மலையாளமும் தமிழும் அங்கே எல்லை பிரித்துக்கொண்டன. மரச்சீனி மட்டும் எல்லையின் இரு பக்கமும் ஒரே பெயரில், ஒரே பக்குவத்தில், தண்ணீர் வடித்து வெந்துகொண்டிருக்கிறது.